கறிக்கோழிகளின் கால் முடக்கம்: நடத்தையும் நலனும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடம், உடுமலை வட்டாரங்களில் கோழி நிறுவனங்களுக்காக ஒப்பந்த முறையில், கூலிக்குக் கறிக்கோழி வளர்ப்பவர்களும், வீட்டில் சில கோழிகளை வைத்திருப்பவர்களும், கோழி இறைச்சியை வாங்கி உண்பவர்களும் கேட்கக்கூடிய கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இத்துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வுகள் பெரும்பாலும் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் நடந்தவை. ஆனால் நம் கொட்டகைகளில் வளர்வதும் அதே வகையில் வேகமாக வளரத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனங்கள்தாம் என்பதால், அந்த முடிவுகளைப் பெரும்பாலும் இங்கும் பொருத்திப் பார்க்கலாம்.

கறிக்கோழி எப்போதும் உட்கார்ந்துதானே இருக்கும்? அதில் கவலைப்பட என்ன இருக்கிறது?

இந்த எண்ணமே சிக்கலை மறைத்துவிடுகிறது. நன்றாக நடக்கக்கூடிய கறிக்கோழியும் ஐந்தாறு வார வயதில் நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கிறது என்பது உண்மை. பிரிட்டனில் 39 முதல் 49 நாள் வயதுள்ள கோழிகளைக் கண்காணித்த ஓர் ஆய்வு, 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி, கால் நலமாக உள்ள கோழிகள் சராசரியாக 76 விழுக்காடு நேரம் படுத்திருந்தன. தெளிவாக நொண்டும் கோழிகளில் அது 86 விழுக்காடாக உயர்ந்தது. நடப்பதற்குச் செலவிட்ட நேரமோ நலமானவற்றிலேயே 3.3 விழுக்காடுதான், மிகவும் நொண்டியவற்றில் அது 1.5 விழுக்காடாகக் குறைந்தது. படுத்திருக்கும் நேரத்தில் உள்ள 10 விழுக்காட்டு வேறுபாடு கொட்டகை வாசலில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்குப் புலப்படாது. சத்தமின்றி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை «கோழி நல்லா செட்டில் ஆயிடுச்சு» என்று சொல்லிவிட்டு நகர்வதே வழக்கமாக இருக்கிறது. அந்த அமைதிக்குள் எழ விரும்பாத கோழியும் எழ முடியாத கோழியும் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய, அவற்றை எழுப்பி நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

கால் முடக்கம் என்பது ஒரு நோயா?

இல்லை, பல காரணங்கள் வெளிக்காட்டும் ஓர் அறிகுறி அது. கால் எலும்பு உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ வளைதல், கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில் குருத்தெலும்பு எலும்பாக மாறாமல் தங்கிவிடுதல், தொடை எலும்பின் தலைப்பகுதி பாக்டீரியாத் தொற்றால் அழுகுதல், வைட்டமின் டி பற்றாக்குறையால் எலும்பு மென்மையாதல், ரியோ வைரஸால் தசைநாண் வீங்குதல், முதுகெலும்பு நழுவித் தண்டுவடத்தை அழுத்துதல் ஆகிய அனைத்தும் கொட்டகையில் «கால் நொண்டுது» என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பாதத்தின் அடிப்புண்ணையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இங்கே ஓர் உடற்கூற்றுக் குறிப்பு பயன்படும். கோழியின் முட்டி என்று நாம் காட்டும், பின்பக்கமாக மடியும் மூட்டு உண்மையில் அதன் கணுக்கால். உண்மையான முட்டி இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. ஆகவே «முட்டியில் உட்காருகிறது» என்று சொல்லப்படும் கோழி, தன் எடை முழுவதையும் கணுக்கால் மூட்டின் மெல்லிய தோல்மேல் ஏற்றிக்கொண்டு, கொட்டகைத் தரையில் பரப்பிய ஈரக் கூளத்தில் அமர்ந்திருக்கிறது. அந்த மூட்டில் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும் தழும்பு, கோழி எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தது, கூளம் எந்த நிலையில் இருந்தது என்ற இரண்டுக்கும் சாட்சியாக நிற்கிறது.

நொண்டலை எப்படி அளக்கிறார்கள்?

பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்ட ஆறு படி அளவீடுதான் இன்றும் அதிகம் பயன்படுகிறது. 0 என்பது சீரான நடை. காலைத் தூக்கும்போது விரல்கள் குவிந்து மடங்கும். 1, 2 ஆகியவற்றில் நடையில் குறை தெரியும். ஆனால் கோழி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். 3ஆம் படியில் குறை அதன் இயக்கத்தையே பாதிக்கிறது: விரட்டினால் சில அடிகள் நடந்துவிட்டு முதல் வாய்ப்பிலேயே உட்கார்ந்துவிடும். 4ஆம் படியில் மிகவும் வற்புறுத்தினால் மட்டுமே ஓரிரு அடி வைக்கும். 5இல் நடக்கவே முடியாது. சிறகை ஊன்றியோ கணுக்காலால் தவழ்ந்தோ நகரும். நலனைப் பொறுத்தவரை 3ஆம் படியையே எல்லைக்கோடாகக் கொள்கிறார்கள்.

மனிதக் கண்ணை நம்பாத வேறொரு முறையும் உண்டு. சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றிய தொட்டியில் கோழியை நிறுத்தி, அது எவ்வளவு நேரம் உட்காராமல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். நனைவதைக் கோழி விரும்புவதில்லை. ஆகவே நலமான கால் உள்ளது நின்றுகொண்டே இருக்கும். கால் தாங்காதது நனைந்தாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்துவிடும்.

இது எவ்வளவு பரவலாக இருக்கிறது?

இதுவரை நடந்தவற்றில் மிகப் பெரிய கணக்கெடுப்புகளுள் ஒன்று 2008இல் பிரிட்டனில் வெளியானது. 176 மந்தைகளில் ஏறத்தாழ 51,000 கோழிகள் நடக்கவிட்டுப் பார்க்கப்பட்டன. சராசரியாக 40 நாள் வயதில் 27.6 விழுக்காடு கோழிகள் 3ஆம் படியிலோ அதற்கு மேலோ இருந்தன, 3.3 விழுக்காடு ஏறக்குறைய நடக்கவே இயலாதவையாக இருந்தன. நொண்டும் கோழிகளைக் கொன்று கழித்துவிடும் வழக்கம் உள்ள பண்ணைகளில் எஞ்சியிருந்தவற்றின் கணக்கு இது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஹார்மோன் ஊசி போடுவதால்தான் கால் வளைகிறது என்கிறார்களே?

அது உண்மையன்று. பல்லாயிரம் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது. அதற்குத் தேவையும் இல்லை. வளர்ச்சி வேகம் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்ட இனத்தேர்வின் விளைவு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், 1957 முதலும் 1978 முதலும் மாற்றமின்றிப் பேணப்பட்ட இரண்டு பழைய கோழி வகைகளையும் 2005ஆம் ஆண்டின் வணிக இனத்தையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் அவற்றின் சராசரி எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒன்றே, மாறியது மரபணு மட்டுமே.

வதந்தி தவறு என்பதால் கவலையும் தவறு என்று ஆகிவிடாது. இனத்தேர்வில் மார்புத் தசைக்கு முன்னுரிமை கிடைத்ததால் உடலின் எடை மையம் முன்னோக்கி நகர்ந்தது. அதைச் சமாளிக்கக் கோழி கால்களை அகல விரித்து, பக்கவாட்டில் அசைந்து அசைந்து நடக்கிறது. அப்படி நடப்பதற்கு உழைப்பு அதிகம் தேவைப்படுகிறது. அவசரமாக நீளும் எலும்பின் புறப்பகுதி நுண்துளைகள் மிகுந்ததாக அமைகிறது. பொரிக்கும்போது 40 கிராம் அளவில் இருந்த குஞ்சு, ஐந்து வாரம் கடந்ததும் 2 கிலோவைத் தொடுகிறது, அதாவது தன் தொடக்க எடையைப் போல 50 மடங்கு. அதைத் தாங்கும் எலும்போ இன்னும் குஞ்சின் எலும்புதான். இனவிருத்தி நிறுவனங்கள் அண்மைப் பதின்ஆண்டுகளில் கால் நலத்தையும் தேர்வு அளவுகோலில் சேர்த்திருக்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதனால் சில எலும்புக் குறைபாடுகள் குறைந்துள்ளன. ஆனால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

நொண்டும் கோழிக்கு வலிக்கிறது என்று எப்படித் தெரியும்? உடல் அமைப்பால்கூட அப்படி நடக்கலாமே?

நியாயமான கேள்வி. கோழி வலியில் கத்துவதில்லை. இரையாகும் விலங்குகள் பொதுவாகத் தங்கள் பலவீனத்தை வெளிக்காட்டுவதில்லை. எனவே ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: வலி நிவாரணி கொடுத்தால் நடை மாறுகிறதா? 1999இல் வெளியான ஒரு சோதனையில், தடைகள் வைத்த ஒரு பாதையை நலமான கோழிகள் சுமார் 11 விநாடிகளில் கடந்தன. நொண்டுபவை 34 விநாடிகள் எடுத்துக்கொண்டன. கார்ப்ரோஃபென் என்னும் வலி நிவாரணி செலுத்திய பிறகு நொண்டும் கோழிகளின் நேரம் 18 விநாடிகளாகக் குறைந்தது. அடுத்த ஆண்டில் வந்த மற்றொரு ஆய்வில், இரண்டு நிறத் தீவனங்களுள் ஒன்றில் மட்டும் அதே மருந்தைக் கலந்து வைத்தபோது, நொண்டும் கோழிகள் மருந்துள்ள தீவனத்தை அதிகமாகத் தின்றன. நொண்டல் கூடக் கூட மருந்தை உட்கொண்ட அளவும் கூடியது.

பின்னர் நடந்த எல்லாச் சோதனைகளும் இதே முடிவைத் தரவில்லை. சில வகைக் கால் குறைகளில் எடையும் உடலமைப்புமே முதன்மைக் காரணங்களாக இருக்கலாம், வலி சிறிதாக இருக்கலாம். இருப்பினும் தொற்றால் அழுகிய தொடை எலும்பிலும், நாணில் ஏற்பட்ட அழற்சியிலும் வலி இல்லை என்று வாதிடுவது கடினம். ஐயத்தின் பலனைக் கோழிக்குத் தருவதே முறை என்பது இதை எழுதுபவரின் கருத்து.

நொண்டல் அன்றாட நடத்தையை எப்படி மாற்றுகிறது?

முதல் மாற்றம் தீவனத் தட்டில் தெரியும். மேலே சொன்ன 2000ஆம் ஆண்டு ஆய்வில், நலமான கோழி ஒரு நாளில் 50 முறைக்கு மேல் தீவனத்துக்குப் போனது; மிகவும் நொண்டியது சராசரியாக 30 முறைதான் போனது. போகும்போது அதிக நேரம் தங்கித் தின்றதால் மொத்தத் தீவன அளவு பெரிதாகக் குறையவில்லை. நலமானவை நின்று தின்ன, நொண்டியவை தட்டருகிலேயே பாதி நேரம் படுத்தபடி தின்றன. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு விலை இருப்பதைக் கோழி அறிந்திருக்கிறது, அதற்கேற்பப் பயணங்களைச் சுருக்கிக்கொள்கிறது என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டும். எடை சரியாக ஏறுகிறது என்பதால் கோழி நலமாக இருக்கிறது என்று நிறுவனத்தின் சூப்பர்வைசர் எழுதிக்கொள்வது ஏன் போதாது என்பதற்கும் இதுவே விடை.

தண்ணீரில் நிலைமை இன்னும் கடுமையானது. தீவனத் தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்கும்; படுத்தபடியே எட்டிக் கொத்த முடியும். ஆனால் கொத்தினால் நீர் சொட்டும் நிப்பிள் குழாயைக் கோழி வளர வளர உயர்த்திக்கொண்டே போவார்கள், தலையை நிமிர்த்திக் கழுத்தை நீட்டிக் குடித்தால்தான் கூளத்தில் நீர் சிந்தாது என்பதற்காக. கூளத்துக்கு அது நல்லதுதான். நிற்க முடியாத கோழிக்கோ, தலைக்கு மேல் இரண்டு அங்குலத்தில் நீர் இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. கடுமையாக நொண்டும் கோழிகளின் இரத்தத்தில் நீரிழப்பின் அறிகுறிகளைக் கண்டதாக ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. நிப்பிள் வரிசையின் கீழே, கழுத்தை மேலே நீட்டிவிட்டு மறுபடி தளர்ந்து அமரும் கோழியைக் கண்டால், அதை என்ன செய்வது என்ற முடிவை இன்றே எடுத்தாக வேண்டும்.

அடுத்ததாகக் காணாமல் போவது மண் குளியல். உலர்ந்த கூளத்தைச் சிறகால் அள்ளிப் போட்டுப் புரண்டு உதறுவது கோழியின் ஆழமான இயல்பு. அதற்கு ஒருபக்கமாகச் சாய்ந்து காலை உதைக்க வேண்டியிருப்பதால், கால் குறை உள்ளவை இதைக் குறைத்துக்கொள்கின்றன. கூளத்தைக் கிளறுவதும் அப்படியே குறைகிறது. நகர முடியாததால் மற்றக் கோழிகள் மேலேறி மிதித்துச் செல்வதையும் தவிர்க்க முடிவதில்லை. முதுகில் நகக்கீறல்களும் அவற்றின் வழியே தோல் தொற்றும் ஏற்படுகின்றன.

கோடையில் இது கூடுமா?

நொண்டலைவிட நொண்டலின் விளைவு கூடும். வெயில் ஏறும்போது கோழி வாயைத் திறந்து மூச்சிரைத்து வெப்பத்தை வெளியேற்றுகிறது; காற்றோட்டமுள்ள பக்கம் நகர்கிறது; அடிக்கடி நீர் குடிக்கிறது. நொண்டும் கோழியால் இவற்றுள் முதலாவதை மட்டுமே செய்ய முடியும். படுத்தே இருக்கும் உடலுக்கும் கூளத்துக்கும் இடையில் வெப்பம் தேங்குகிறது. மதிய நேரத்தில் கொட்டகைக்குள் மெதுவாக நடந்து கோழிகளை எழுப்பிவிடும் வழக்கம் பல பண்ணைகளில் உண்டு. அந்த நடையிலேயே எழாத கோழிகளைக் குறித்துக்கொண்டால், தனியாக ஒரு பரிசோதனை தேவைப்படாது.

நம் பக்கம் கோழிக்கு ஒரு சதுர அடி கொடுக்கிறோம். இடம் போதாததுதான் காரணமா?

ஒரு சதுர அடிக்கு 2 கிலோ கோழி ஒன்று என்றால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 21.5 கிலோ ஆகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு ஆணை அடிப்படையாக 33 கிலோவையும், கூடுதல் நிபந்தனைகளுடன் 42 கிலோ வரையும் அனுமதிக்கிறது. அந்த அளவில் நம் பக்கவாட்டுத் திறப்புக் கொட்டகைகள் நெருக்கடி குறைந்தவையே. எனவே இங்கே தென்படும் நொண்டலுக்கு இட நெருக்கடியை மட்டும் குற்றம் சாட்ட முடியாது. நெருக்கடி கூடினால் நடை மோசமாகிறது என்பதும் உண்மை. ஆனால் கூளத்தின் ஈரமும் அமோனியாவும் வெப்பமும் அதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். தேங்காய் நார்க்கழிவைக் கூளமாக இடும் நம் பண்ணைகளில், ஐப்பசி கார்த்திகை அடைமழையின்போது அது நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கையில் அள்ளிப் பிசைந்து விட்டால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் பாதப் புண் தொடங்கிவிட்டது என்றே கொள்ளலாம்.

இரவில் விளக்கை அணைத்தால் எடை குறையாதா?

முதல் சில நாள்களில் சிறிது குறையலாம். ஆனால் கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் 14, 17, 20, 23 மணி நேர வெளிச்சங்களை ஒப்பிட்ட ஆய்வுகளில், வெளிச்சம் நீள நீளக் கோழிகளின் நடை மோசமானது. மேலே சொன்ன 2008ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் இருள் நேரம் குறைந்த மந்தைகளில் நொண்டல் அதிகம். இருளில் கோழி உறங்குகிறது, தொடக்க வாரங்களில் வளர்ச்சி சற்றே நிதானமாகிறது, எலும்புக்கு அவகாசம் கிடைக்கிறது. விடிந்ததும் சுறுசுறுப்பாக எழுகிறது. ஐரோப்பிய ஆணை ஒரு நாளில் 6 மணி நேர இருளைக் கட்டாயமாக்கி, அதில் குறைந்தது 4 மணி நேரம் இடைவிடாமல் இருக்க வேண்டும் என்கிறது. செலவில்லாத மருந்து இது ஒன்றுதான்; மின்கட்டணமும் மிச்சமாகும்.

கால்சியம் டானிக் ஊற்றினால் சரியாகிவிடுமா? ஆன்டிபயாட்டிக்?

கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி3 ஆகியவற்றின் விகிதம் தவறியதால் எலும்பு மென்மையாகியிருந்தால், தொடக்கத்திலேயே திருத்தினால் பயன் உண்டு. தீவனத்தில் பூஞ்சை நச்சு இருந்தால் வைட்டமினின் பயனும் கெடும். அப்போது டானிக் வீண். வளைந்த எலும்பை எந்த டானிக்கும் நிமிர்த்தாது.

தொடை எலும்புத் தொற்றில் நடப்பது வேறு. வேகமாக நீளும் எலும்பின் வளர்ச்சித் தட்டில் எடையால் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. குடலிலிருந்தோ மூச்சுப்பாதையிலிருந்தோ இரத்தத்தில் கலந்த ஸ்டஃபைலோகாக்கஸ், என்டிரோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்த விரிசல்களில் தங்கிப் பெருகுகின்றன. இறந்த கோழியின் இடுப்பு மூட்டைப் பிரித்துப் பார்த்தால், நலமான எலும்புத் தலை வெண்மையாக வழவழப்பாக இருக்கும்; நோயுற்றது பழுப்பேறி, விரலால் அழுத்தினாலே நொறுங்கும். இரத்த ஓட்டமே அற்றுப்போன அந்த இடத்துக்கு மருந்து போய்ச் சேர்வதும் அரிது. விற்பனைக்கு ஒரு வாரம் இருக்கையில் மந்தை முழுவதற்கும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது கோழிக்கு உதவாது, உண்பவருக்கும் தீங்கு. ஒரு பேட்சில் பல கோழிகள் நொண்டினால், மருந்துக் கடைக்குப் போகும் முன் இரண்டு மூன்றைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று அறுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

வீட்டு நாட்டுக்கோழிக்கும் இப்படி வருமா?

எடையால் வருவது அரிது. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் நீட்டிக் கிடந்தால், நரம்பைத் தாக்கும் வைரஸ் நோயான மேரக்ஸ் நோயை ஐயுற வேண்டும். குஞ்சின் விரல்கள் உள்நோக்கிச் சுருண்டால் பி2 வைட்டமின் குறைவு. விரைவில் கொடுத்தால் தேறும்.

நொண்டும் கோழியை என்ன செய்ய வேண்டும்?

3ஆம் படியில் உள்ளவற்றைத் தனியே தடுத்து, உலர்ந்த கூளமும் தாழ்வான தண்ணீர்க் கிண்ணமும் கொடுக்கலாம். 4, 5ஆம் படிகளில் உள்ளவை தேறுவதில்லை. பயிற்சி பெற்றவர் கழுத்தெலும்பை விரைவாக விலக்கி, உடனடியாக முடித்துவிடுவதே அவற்றுக்குச் செய்யக்கூடிய நன்மை. இதை வளர்ப்பவர்கள் தள்ளிப்போடுவதற்குக் காரணம் இரக்கமின்மை அன்று. வளர்ப்புக் கூலி, இறப்பு விழுக்காட்டையும் எடையையும் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. கழித்த கோழி கணக்கில் இழப்பு, இழுத்துப் பிடித்து வண்டி ஏற்றிய கோழி கணக்கில் கிலோ. இந்தக் கணக்கு மாறாத வரை வளர்ப்பவரிடம் மட்டும் அறம் பேசுவது பாதி வேலைதான்.

பிடித்து ஏற்றும்போது?

ஒற்றைக் காலில் பிடித்து, ஒரு கையில் நான்கைந்து கோழிகளைத் தலைகீழாகத் தூக்குவதே இங்குள்ள வழக்கம். மார்பு கனத்த பறவையின் முழு எடையும் ஓர் இடுப்பு மூட்டில் தொங்குகிறது. ஏற்கெனவே நலிந்த எலும்பு அங்கேயே முறியவோ மூட்டு விலகவோ செய்கிறது. இரு கால்களையும் சேர்த்துப் பிடிப்பது அதைவிட மேல். உடலோடு இரு கைகளில் ஏந்திக் கூண்டில் வைப்பதுதான் சரியான முறை. கால்களைக் கட்டி இருசக்கர வாகனத்தின் கைப்பிடியில் தொங்கவிட்டுக் கொண்டுபோவதை எதனாலும் நியாயப்படுத்த முடியாது.

மெதுவாக வளரும் இனங்கள் தீர்வாகுமா?

கால் நலத்துக்கு அதுவே மிக உறுதியான வழி. ஆனால் நாள்கள் கூடும், தீவனம் கூடும், விலை கூடும். வேக இனங்களின் தாய்க்கோழிகளுக்கு நேர்வதையும் இங்கே ஒரு வரி சொல்லலாம்: அவை விரும்பியபடி தின்றால் முட்டையிடும் வயதுக்குள் உடல் கனத்து நலிந்துவிடும் என்பதால், வளரும் பருவத்தில் அவற்றுக்கு அளவு தீவனமே தரப்படுகிறது, பசியோடுதான் அவை வளர்கின்றன. இனத்தை மாற்ற முடியாத இடத்தில், முதல் வாரங்களின் வளர்ச்சியைச் சற்று அடக்குவதும், தீவனத்துக்கும் தண்ணீருக்கும் இடையே தொலைவு வைப்பதும், ஏறி அமரத் தாழ்வான மேடை அமைப்பதும் பயன் தரும். கறிக்கோழி உருளைக் கம்பியில் நிலைகொள்ளத் தடுமாறும். சரிவுப்பாதையுள்ள தட்டை மேடையே அதற்கு ஏற்றது.

நொண்டிய கோழியின் இறைச்சியை உண்ணலாமா?

எலும்பு வளைவு மட்டும் உள்ள கோழியின் இறைச்சியில் கேடு இல்லை. மூட்டில் சீழோ வீக்கமோ இருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். உயிருடன் கோழி வாங்குபவர், கூண்டிலிருந்து எடுத்ததும் கணுக்காலையும் பாதத்தின் அடியையும் திருப்பிப் பார்க்கலாம்.

இந்தியச் சட்டம் இதைப் பற்றிப் பேசுகிறதா?

கறிக்கோழிகளின் நடையை அளக்கச் சொல்லும் சட்டம் இல்லை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரு விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் தேவையற்ற வலி நேராமல் காக்க வேண்டும் என்கிறது. 11ஆம் பிரிவு, வலி உண்டாகும்படி விலங்கைக் கொண்டுசெல்வதைக் குற்றமாக்குகிறது. இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் அளித்த 269ஆவது அறிக்கை, முட்டைக்கோழிகள், கறிக்கோழிகள் ஆகியவற்றின் வளர்ப்பையும் போக்குவரத்தையும் பற்றியே தனியாக எழுதப்பட்டு, அவற்றுக்கான விதிகளின் வரைவையும் இணைத்திருந்தது. டென்மார்க், சுவீடன் நாடுகளில் இறைச்சிக்கூடத்தில் ஒவ்வொரு மந்தையிலிருந்தும் பாதங்களை எடுத்துப் புண்ணுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். மதிப்பெண் மோசமானால் அந்தப் பண்ணை அடுத்த முறை விடக்கூடிய கோழிகளின் எண்ணிக்கை குறைக்கப்படும். பெரும்பாலான கோழிகள் தெருமுனைக் கடைகளில் உயிரோடு விற்கப்படும் நம் சந்தையில் அப்படிப் பாதங்கள் ஒன்றுசேரும் இடம் இல்லை என்பதால், அந்த மதிப்பீட்டைப் பண்ணையிலேயே, கோழி பிடிக்க வண்டி வருவதற்கு முன்பாகச் செய்தாக வேண்டியிருக்கும்.